தக்காளி இலை நனைந்த பிறகும் உணரி 'காய்ந்திருக்கிறது' என்று காட்டுகிறது: நுண்ணிய பனித்துளிகளைப் பிடிக்க எதைத் திருத்துவது?

உடுமலைத் தோட்டம்:

அனைவருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டைக்குக் கிழக்கே எங்களுக்கு நான்கு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. பண்ணையத்தை அப்பா பார்த்துக்கொள்கிறார். நான் ஒரு நூல் மில்லில் மின்னணுப் பராமரிப்பு வேலையில் இருந்துகொண்டு, விடுமுறை நாட்களில் அவருக்குத் துணையாக நிற்கிறேன். இலை நீண்ட நேரம் நனைந்திருந்தால் பரவும் பூஞ்சை நோயான இலைக்கருகல் தக்காளியில் வந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே ஒவ்வோர் ஆண்டும் வாரம் தவறாமல் மருந்தடித்து வந்தோம். இந்தப் பட்டத்தில், இலை எத்தனை மணி நேரம் நனைந்திருந்தது என்பதை அளந்து, தேவைப்படும்போது மட்டும் அடிக்கலாம் என்று ஓர் இலை ஈர உணரியை நானே செய்து வயலில் நட்டேன்.

1978இல் மேடன், பென்னிபேக்கர், மெக்நாப் ஆகிய மூவர் அமெரிக்காவில் தக்காளியின் முன்பருவ இலைக்கருகலுக்காக வெளியிட்ட கணிப்பு முறையையும், அதிலிருந்து கிளைத்துக் கனடாவின் ஒண்டாரியோவில் பயன்பாட்டுக்கு வந்த டாம்காஸ்ட் முறையையும் அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். இலை நனைந்திருந்த நேரத்தின் சராசரி வெப்பநிலை 18 முதல் 20 டிகிரி என்றால், 4 முதல் 8 மணி நேர ஈரத்துக்கு 1 புள்ளி, 9 முதல் 15 மணி நேர ஈரத்துக்கு 2 புள்ளி. புள்ளிகள் கூடி 15 அல்லது 20ஐத் தொடும்போது மருந்தடிக்க வேண்டும் என்பது அந்த முறை. அங்குள்ள இரகங்களுக்கும் தட்பவெப்பத்துக்கும் வகுத்த எல்லை நம் வெள்ளாமைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் எண்ணவில்லை. ஆனால் அளவே தவறாக இருந்தால் எல்லையைத் திருத்துவதற்குக்கூட வழி இல்லை.

இப்போதைய சிக்கல் இதுதான். மார்கழி, தை இரவுகளில் வானம் தெளிந்து காற்று நின்றுவிட்டால், இரவு 11 மணிக்கே இலையில் துளி கட்டத் தொடங்கிவிடுகிறது. துணியில் இழை எண்ணுவதற்கு மில்லில் பயன்படும் ஓர் அங்குலச் சதுரக் கவுண்டிங் கிளாஸை எடுத்துச் சென்று, டார்ச் வெளிச்சத்தில் நானே பார்த்தேன்; கண்ணுக்கு வெறும் சாம்பல் பூச்சாகத் தெரிவது, அந்தக் கண்ணாடியில் நெருக்கமாகப் பதிந்த நுண்ணிய துளிகளாகத் தெரிகிறது. உணரியோ இரண்டரை மணி வரை அசையாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரே தாவலில் 'முழு ஈரம்' என்கிறது. காலை 7 மணிக்குக் காய்ந்துவிட்டதாகவும் சொல்கிறது. இலை உண்மையில் 8 மணி வரை நனைந்திருக்கிறது. 9 மணி நேரத்துக்குப் பதில் நாலரை மணி நேரம். 2 புள்ளிக்குப் பதில் 1 புள்ளி. பத்து இரவுகளில் 20 புள்ளி சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் 10 மட்டுமே சேரும். மருந்தடிக்க வேண்டிய நாள் எனக்குத் தெரியாமலேயே கடந்துபோகும்.

உணரியின் அமைப்பு: 8 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 1.6 மி.மீ. தடிமன் உள்ள பி.சி.பி. (மின்சுற்றுத் தடங்கள் அச்சிட்ட) பலகை. அதன் மேல் இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்தது போல ஈயம் பூசிய செம்புத் தடங்கள். தடம் 1 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. ஒரு மின்தடையோடு இணைத்து 3.3 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) கொடுத்து, ஈ.எஸ்.பி.32 என்ற சிறு கணினிச் சில்லு வழியாக அளக்கிறேன். மேசை மேல் வைத்து ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் தெளித்தால் உடனே காட்டுகிறது. உணரி தரும் மின்குறியின் பெருக்கத்தை உயர்த்திப் பார்த்தேன். வெறும் இரைச்சல்தான் கூடியது. நுண்துளிக்கு இதைக் கூர்மையாக்க என்ன செய்ய வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். வயலில் எடுத்த படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பீளமேடு மின்சுற்று:

வணக்கம். பெருக்கத்தை எத்தனை மடங்கு உயர்த்தினாலும் பயனில்லை. ஏனென்றால் உங்கள் பலகையில் அந்தத் துளி மின்சுற்றுக்குள் வரவே இல்லை. 0.1 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளி 1 மி.மீ. இடைவெளியின் நடுவில் உட்கார்ந்தால் இரண்டு தடங்களில் எதையும் தொடாது. ஒரு தடத்தின் மேலேயே உட்கார்ந்தாலும் மின்னோட்டம் கடக்கப் பாலம் இல்லை. துளிகள் வளர்ந்து, ஒன்றோடு ஒன்று கூடி, இடைவெளியைத் தாண்டும் வரை உங்கள் உணரி காத்திருக்கிறது.

மேசைச் சோதனை உங்களை ஏமாற்றியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எந்தத் தண்ணீரைத் தெளித்தீர்கள்? ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் அதன் மின்கடத்தல் செ.மீ.க்கு ஆயிரம் மைக்ரோசீமன்ஸைத் தாண்டுவது நம் பக்கத்தில் சாதாரணம். பனித்துளியோ காற்றிலிருந்து பிரிந்து வந்த நீர். காய்ச்சி வடித்த நீரைக் காற்றில் திறந்து வைத்தால் இருக்கும் 1 மைக்ரோசீமன்ஸ் அளவிலிருந்து தொடங்கி, தூசு கரையக் கரையச் சற்று உயரும். மின்தடையை அளக்கும் உணரிக்கு இந்த இரண்டும் ஒரே தண்ணீர் அல்ல. அத்துடன், நேர்மின்சாரம் கொடுத்தால் மின்பகுப்பு நடந்து ஒரு சீப்பின் தடம் சில வாரங்களில் அரித்துப் போகும். இதே முறையைத் தொடர்வதாக இருந்தால், மின்முனைகளை மாற்றி மாற்றித் துடிப்புகளாகக் கொடுங்கள்.

நான் பரிந்துரைப்பது மின்தேக்கத்தை, அதாவது இரண்டு தடங்களும் தங்களுக்கிடையே மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறனை, அளக்கும் முறை. அந்தத் திறனை ஒரு பொருள் எத்தனை மடங்கு கூட்டும் என்பதைக் காட்டும் மின்காப்பு மாறிலி காற்றுக்கு 1, பி.சி.பி. செய்யப் பயன்படும் எஃப்.ஆர்.4 என்ற கண்ணாடியிழைப் பலகைக்கு நாலரை அளவு, தண்ணீருக்கு 80. தடங்களைப் பச்சைப் பூச்சால் முழுவதும் மூடிவிடலாம்; துளி உலோகத்தைத் தொடவேண்டிய தேவையே இல்லை, மின்புலத்துக்குள் வந்தால் போதும். ஆனால் அந்தப் புலம் எவ்வளவு உயரம் வரை எழும்பும் என்பதைக் கவனியுங்கள். தோராயக் கணக்கில், இரண்டு தடங்களும் இரண்டு இடைவெளிகளும் சேர்ந்த நீளத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. உங்கள் அமைப்பில் அந்த நீளம் 4 மி.மீ.; ஆகவே புலம் 1 மி.மீ.க்கு மேல் எழும்பி, அதன் பெரும்பகுதி வெறும் காற்றில் கழிகிறது. தடத்தையும் இடைவெளியையும் 0.2 மி.மீ. ஆக்கினால் புலம் கால் மி.மீ. உயரத்துக்குள் அடங்கும், 0.1 மி.மீ. துளி அதற்குள் கணிசமான இடத்தைப் பிடிக்கும். 0.2 மி.மீ. என்பது சுமார் 8 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பி.சி.பி. செய்து தருபவர்கள் இதைத் தனிக் கட்டணம் இல்லாமலே செய்வார்கள்.

அளப்பதற்கு எஃப்.டி.சி.1004 என்ற சில்லு பொருத்தமாக இருக்கும். நான்கு வழிகள் உண்டு. அரை ஃபெம்டோஃபாரட் (மின்தேக்கத்தின் மிக நுண்ணிய அலகு) அளவு மாற்றத்தையும் பிரித்துக் காட்டும். ஒரு வழியில் திறந்த சீப்பையும், இன்னொரு வழியில் அதே வடிவில் ஈரம் படாதபடி மூடி வைத்த சீப்பையும் இணைத்து வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், வெப்பநிலையால் பலகையில் வரும் மாற்றம் பெருமளவு கழிந்துவிடும். இரவு முழுவதும் வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும் வேலைக்கு இது மிகவும் தேவை. பலகையை 0.6 மி.மீ. தடிமனுக்கு மாற்றுங்கள், தடித்த பலகை இலையைப் போல விரைவில் குளிராது.

பயிர் நோயியல் மாணவி, கோவை:

வணக்கம். மேலே சொன்னதோடு, பலகையின் மேற்பரப்பைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். எங்கள் துறையில் இலை ஈர உணரியைப் பற்றிய பேச்சு முதலில் அங்குதான் தொடங்கும். 1978இல் கில்லெஸ்பி, கிட் ஆகிய இரு கனடிய ஆய்வாளர்கள், இத்தகைய சீப்புத் தட்டுகளின் மேல் லேட்டக்ஸ் பெயின்ட் பூசி, அதன் நிறத்தால் அளவு எப்படி மாறுகிறது என்பதை ஆராய்ந்தார்கள். பூச்சு இல்லாத பலகையில் துளி தனித்தனி மணியாக நிற்கும். லேட்டக்ஸ் பூசிய பலகையில் அது பரவி அடுத்த துளியோடு சேரும். நுண்துளியைப் பிடிப்பதில் பாதி வேலையை இந்தப் பூச்சே செய்துவிடுகிறது என்பது என் கருத்து.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. லேட்டக்ஸ் பூச்சு தானாகவே ஈரத்தை உறிஞ்சக்கூடியது. துளி கட்டுவதற்கு முன்பே, காற்றில் ஈரப்பதம் மிகுந்தவுடன் 'நனைந்துவிட்டது' என்று சொல்லத் தொடங்கும். அதனால் பூசிய பலகையை 60 முதல் 70 டிகிரி வெப்பத்தில் 12 மணி நேரம் வைத்து, ஈரம் உறிஞ்சும் கூறுகளை அடக்கிய பிறகே வயலுக்கு எடுத்துச் செல்வது வழக்கம். அடுத்தது, பூச்சின் தடிமன். புலம் கால் மி.மீ. உயரமே எழும்பும் பலகையில் பெயின்டைத் தடிமனாக அப்பினால், துளி புலத்துக்கு வெளியே போய்விடும். தண்ணீர் கலந்து மெல்லிதாக இரண்டு கை பூசுவது போதும். வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் நிறம் நல்லது. காலை வெயிலில் இலையை விட விரைவாகச் சூடேறிக் காய்ந்துவிடாது.

தட்டைச் சமமாகப் படுக்க வைத்திருக்கிறீர்களா? 30 முதல் 45 டிகிரி சாய்த்து வடக்கு நோக்கி வையுங்கள். படுக்கையாக இருந்தால் தண்ணீர் தேங்கி, மழை நாளில் ஈர நேரம் மிகையாக வரும்.

உடுமலைத் தோட்டம்:

இருவருக்கும் மிக்க நன்றி. தெளித்தது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரேதான். நேற்று பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த நீர் வாங்கித் தெளித்துப் பார்த்தேன். பலகை நன்றாக நனைந்த பிறகும் அளவு முன்பிருந்ததில் கால் பங்குகூட வரவில்லை. மேசையில் வெற்றி பெற்றதாக இத்தனை நாள் நான் நம்பியது எல்லாம் உப்பின் வேலை என்று இப்போது புரிகிறது. 0.2 மி.மீ. தடத்தில் புதிய பலகைக்கு வரைபடம் அனுப்பிவிட்டேன்.

தாராபுரம் பெரியவர்:

தம்பி, எனக்கு மின்சுற்று தெரியாது. நாற்பது ஆண்டுகளாகத் தோட்டம் செய்கிறேன். நீங்கள் இணைத்த படத்தைப் பார்த்ததால் எழுதுகிறேன். உங்கள் தட்டு சோலார் பேனலுக்கு நேர் கீழே, அதே கம்பத்தில் இருக்கிறது. அங்கே பனி எப்படி இறங்கும்? சாளையின் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தால் விடியும்போது போர்வை நனைந்திருக்கும். அதே கட்டிலை வேப்பமரத்தடியில் போட்டால் போர்வை காய்ந்தே இருக்கும். பந்தலுக்குள் நிற்கும் பாகல் இலையையும் வெளியே நிற்கும் இலையையும் காலையில் தொட்டுப் பார்த்தாலும் இது தெரியும்.

இன்னொன்றும் கேட்கிறேன். இரண்டரை மணிக்குத் திடீரென்று காட்டுகிறது என்றீர்கள். பனி எப்போதும் மெல்ல மெல்லத்தானே கூடும், ஒரே தாவலாக எப்படி வரும்? அந்த நேரத்துக்குப் பேனலின் மேல் தண்ணீர் சேர்ந்து, கீழ் விளிம்பில் சொட்டத் தொடங்கியிருக்கும். அந்தச் சொட்டு உங்கள் தட்டின் மேல் விழுகிறதா என்று ஓர் இரவு நின்று பாருங்கள்.

பீளமேடு மின்சுற்று:

ஐயா சொன்னதைப் படித்த பிறகு என் முந்தைய பதிலில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். படத்தை நான் பெரிதாக்கிப் பார்க்காமல் விட்டது தவறு. பலகை இலையைப் போலக் குளிராததற்கு அதன் தடிமனைக் காரணமாகச் சொல்லியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.6 மி.மீ. எஃப்.ஆர்.4 பலகை ஒரு டிகிரி குளிர, சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோஜூல் வெப்பத்தை இழக்க வேண்டும், 0.6 மி.மீ. பலகைக்கும் ஓர் இலைக்கும் அது ஒரு கிலோஜூலை ஒட்டியே இருக்கும். தெளிந்த இரவில் திறந்த வானத்தைப் பார்த்திருக்கும் பரப்பு, சதுர மீட்டருக்கு 50 முதல் 100 வாட் வரை வெப்பத்தைக் கதிராக இழக்கிறது. அந்த வேகத்தில் தடித்த பலகைகூட ஒரு நிமிடத்தில் ஒரு டிகிரி குளிர்ந்துவிடும். தடிமனால் வருவது சில நிமிடத் தாமதமே. உங்கள் மூன்றரை மணி நேரத் தாமதத்தை அது விளக்காது. மெல்லிய பலகை நல்லதுதான், ஆனால் நோய் அங்கே இல்லை.

வானம் மறைக்கப்பட்டதுதான் நோய். பேனலின் அடிப்பகுதி ஏறத்தாழக் காற்றின் வெப்பத்திலேயே இருந்துகொண்டு, தட்டு வெளிவிடும் வெப்பத்தைத் திரும்பத் தந்துவிடுகிறது. தட்டு பனிநிலை வெப்பத்துக்கு, அதாவது காற்றின் ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே இறங்க முடியாதபோது துளி பிறக்கவே வழியில்லை. இதோடு பளபளப்பான ஈயத் தடங்களும் சேர்கின்றன. மூடப்படாத உலோகம், பெயின்ட் வெளிவிடும் கதிர்வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே வெளிவிடும். உங்கள் பலகையின் பரப்பில் பாதி அந்த உலோகம். எனவே வெள்ளைப் பெயின்ட் துளியைப் பரப்புவதோடு தட்டைக் குளிரவும் வைக்கிறது. நுண்துளியைக் 'கண்டுபிடிப்பது' என்றே நாம் பேசிக்கொண்டிருந்தோம். இலையில் பிறக்கும் அதே நேரத்தில் தட்டிலும் துளி பிறக்க வேண்டும் என்பது அதற்கு முந்தைய தேவை.

ஆர்.எஸ்.புரம் நகைப்பட்டறை:

அளவைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். எங்கள் பட்டறையில் உள்ள தராசு ஒரு மில்லிகிராம் வரை காட்டும். நகைத் தொழில் செய்பவர் யாராவது தெரிந்திருந்தால் கேட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம். உங்கள் தட்டு 40 சதுர செ.மீ.; அதன் மேல் 10 மில்லிகிராம் தண்ணீர் என்றால் சராசரியாக 0.0025 மி.மீ. கனமுள்ள படலம். தட்டை எடை போட்டு, ஈரமாக்கி, மீண்டும் எடை போட்டு, அந்த நேரத்தின் மின்தேக்க அளவைப் பக்கத்தில் குறித்துக்கொண்டே போனால், எத்தனை மில்லிகிராமிலிருந்து உணரி விழித்துக்கொள்கிறது என்பது தெரிந்துவிடும். மின்விசிறியை நிறுத்தி, தராசின் கண்ணாடிக் கதவை மூடிச் செய்யுங்கள். வெயில் நேரத்தில் திறந்த அறையில் வைத்தால் எடை பார்க்கும்போதே தண்ணீர் ஆவியாகிவிடும்.

ஸ்பிரே பாட்டிலின் துளிகள் இதற்கு மிகப் பெரியவை. ஆஸ்துமா நோயாளிகளுக்கான நெபுலைசரில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிப் புகையாக விட்டால், 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துளிகள் கிடைக்கும்.

பயிர் நோயியல் மாணவி, கோவை:

நெபுலைசர் நல்ல யோசனை, அண்ணா. அதோடு இன்னொரு எளிய சோதனையும் உண்டு. மூடி தட்டையாக உள்ள எவர்சில்வர் டிபன் பாக்ஸில் ஐஸ் கட்டி போட்டு, மூடியின் மேல் பலகையை வைத்தால், வயலில் நடப்பது போலவே காற்றின் ஈரம் பலகையின் மேல் தானே துளியாகக் கட்டும். எவர்சில்வர் பக்கத்தில் இருப்பதே மின்தேக்கத்தை மாற்றும் என்பதால், முதலில் வெறும் பாக்ஸின் மேல் வைத்து அந்த அளவைக் குறித்துக்கொண்டு, பிறகு ஐஸ் போட்டு வேறுபாட்டைப் பாருங்கள். கவுண்டிங் கிளாஸையும் மேலே வைத்தால், ஓர் அங்குலச் சதுரத்தில் துளிகள் வளர்வதையும் உணரியின் அளவு ஏறுவதையும் ஒரே நேரத்தில் ஒப்பிடலாம்.

உடுமலைத் தோட்டம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் தாராபுரம் ஐயாவுக்கு என் வணக்கம். அன்றிரவே அப்பாவோடு போய் நின்றேன். 2 மணி 40 நிமிடத்துக்குப் பேனலின் கீழ் விளிம்பில் முதல் சொட்டு திரண்டு, தட்டின் மேல் விழுந்தது. அந்த நிமிடமே கைபேசியில் 'முழு ஈரம்' என்று வந்தது. இத்தனை நாட்களாக நான் அளந்தது தக்காளி இலையின் பனியை அல்ல, பேனலின் சொட்டை.

பழைய பலகையைக் கழற்றி, கம்பத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, செடியின் உயரத்திலேயே ஒரு தனிப் பி.வி.சி. குழாயில், வடக்கு நோக்கி 30 டிகிரி சாய்த்து வைத்தேன். வேறு எதையும் மாற்றாத நிலையிலேயே அது இரவு ஒரு மணிக்குக் காட்டத் தொடங்கியது. பெயின்ட் பூசி, மாணவி சொன்னபடி சூட்டில் வைத்து எடுத்த பிறகு பன்னிரண்டேகால். புதிய 0.2 மி.மீ. பலகை சென்ற வாரம் வந்தது. மின்தேக்க முறையில், இரண்டு கை மெல்லிய பூச்சோடு, இலையில் துளி தெரிந்த பத்து முதல் இருபது நிமிடத்துக்குள் காட்டுகிறது. மில்லுக்குப் பக்கத்திலுள்ள நகைப்பட்டறையின் தராசில் பார்த்தபோது, 10 மில்லிகிராமுக்குச் சற்று முன்பே அளவு தெளிவாக ஏறுவதைக் கண்டேன்.

ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மருந்தடித்த பிறகு, பட்டப்பகலில்கூட அளவு பழைய காய்ந்த நிலைக்குத் திரும்பவில்லை. மாலையில் காற்று சற்று ஈரமானவுடனே மேலும் ஏறிவிடுகிறது.

பீளமேடு மின்சுற்று:

மருந்தைக் கரைத்தது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில்தானே? தண்ணீர் காய்ந்த பிறகு அதிலுள்ள உப்பும், மருந்தோடு கலந்த ஒட்டும் திரவமும் பூச்சின் மேல் தங்கிவிட்டன. கால்சியம், மக்னீசியம் குளோரைடு உப்புகள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். எஃப்.டி.சி.1004 இயங்கும் 25 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அந்த உப்பு ஈரத்தின் கடத்தலும் மின்தேக்கமாகவே கணக்கில் சேர்ந்துவிடும். மருந்தடிக்கும் முன் தட்டின் மேல் ஒரு பாலித்தீன் பையை மாட்டுங்கள். முடிந்தவுடன் மறக்காமல் கழற்றிவிடுங்கள். இப்போது படிந்திருப்பதைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்; அழுத்தித் தேய்த்தால் பெயின்டும் வந்துவிடும்.

நிரலிலும் ஒன்றைச் சேர்க்கலாம். பிற்பகல் 2 மணிக்குக் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் நாட்களில் மட்டும், அந்த நேரத்து அளவைக் 'காய்ந்த நிலை' என்று புதிதாக எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள். மழை நாளில் எடுத்தால், ஈரத்தையே காய்ந்த நிலை என்று பதிந்துவிடும். அந்தக் காய்ந்த நிலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால், தட்டைத் துடைக்க வேண்டிய நாள் வந்துவிட்டது என்று அறியலாம்.

தாராபுரம் பெரியவர்:

தம்பி, பை மாட்டும் வேலையை மருந்தடிக்கும் ஆளிடமே சொல்லிவிடுங்கள். நீங்கள் மில்லில் இருக்கும் நாளில்தான் மருந்தடிப்பு நடக்கும். செடி வளர வளரத் தட்டையும் மேலே ஏற்றிக்கொண்டே வாருங்கள். இல்லையென்றால் மாசி பிறப்பதற்குள் அது இலைக்குள் புதைந்து, மறுபடியும் வானத்தைப் பார்க்காமல் போய்விடும்.